பதினைந்து நிமிடத் தேநீர்

ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் விரைவுப் பேருந்து யோங் பெங்கில் நிற்பது பதினைந்தே நிமிடம். அதற்குள் நாற்பது பேர் இறங்கி, கழிவறைக்குச் சென்று, முகம் கழுவி, வரிசையில் நின்று, தேநீர் வாங்கிக் குடித்து, மறுபடியும் தத்தம் இருக்கைக்குத் திரும்பிவிட வேண்டும். ஓட்டுநர் ஏறியதும் தலைகளை எண்ணுவார். எவரேனும் குறைந்தால் ஒலிப்பானை இருமுறை அழுத்துவார். மூன்றாம் முறை அழுத்தும் பொறுமையுள்ள ஓட்டுநர் அந்தச் சாலையில் மிக அரிது.

சதாசிவத்தின் சாப்பாட்டுக் கடையில் இந்த நாற்பது பேருக்கும் தே தாரேக் என்னும் நுரைத் தேநீரை இழுத்துக் கொடுப்பவர் கனகராஜ். ஐம்பத்திரண்டு வயது, அவற்றுள் இருபத்து மூன்றை அந்தத் தேநீர் மேடையின் பின்னாலேயே நின்று கழித்தவர். இழுப்பது என்பது பார்ப்பவருக்கு வேடிக்கை. செய்பவருக்கு உடம்பு வேலை. வலக்கைக் குவளை தலைக்கு மேலே ஏற வேண்டும். இடக்கைக் குவளை இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே தேநீர் கயிறு போல் அறுபடாமல் விழ வேண்டும். கண்ணாடிக் கிளாசில் ஊற்றியதும் அரை விரல் உயரத்திற்கு நுரை எழுந்து, மேசைக்குப் போய்ச் சேரும்வரை அமுங்காதிருக்க வேண்டும். நாளொன்றுக்கு ஏழு பேருந்துகள் அக்கடை வாசலில் நின்றன. அந்தக் கை எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கும் என்பதை ஒருவரும் எண்ணியதில்லை. தோள் மட்டும் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறது.

தோளினுள்ளே தசைநார் ஒன்று பாதிக்குமேல் கிழிந்திருப்பதைப் பத்து பாகாட் நகரிலுள்ள மருத்துவமனையில் மருத்துவர் படமாகவே காட்டினார். அறுவைச் சிகிச்சைக்கு ஐந்து மாதம் கழித்து வரும் ஒரு வியாழக்கிழமை நாள் குறித்தாயிற்று. அதன் பிறகு அந்தக் கையைத் தோளுக்கு மேலே தூக்கும் வேலை எதையும் செய்யலாகாது. சிகிச்சையைத் தள்ளிப்போட்டாலோ, மிச்சமிருப்பதும் கிழிந்துவிடும். பின்னர்த் தைப்பதற்கு ஒன்றும் இராது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்கே இடக்கையை நாட வேண்டிவரும். மருத்துவர் இதனை மலாயில் சொன்னார். கனகராஜுக்குச் சந்தேகம் தீரட்டும் என்று தாதி தமிழிலும் ஒருமுறை சொன்னார்.

கனகராஜ் இதனைக் கடையில் மூச்சுவிடவில்லை. காலையில் சட்டையை மாட்டிவிடுவதும் தலை சீவிவிடுவதும் மனைவி வாசுகியின் பொறுப்பாயின. கடைக்குள் நுழைந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஒரு முறை கைமாற்றி இடக்கையை மேலே தூக்கிப் பார்த்தார். பாதித் தேநீர் மலாக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பயணியின் வெள்ளைக் காலணியில் விழுந்தது. அதன் பின் அம்முயற்சியையும் விட்டார். ஆனால் மறைத்துவைத்த நோவு ஒரு நாள் தானே வெளியே வந்தது. நிறைந்த குவளை வலக்கையிலிருந்து நழுவி மேடையில் உருண்டபோது, கல்லாவிலிருந்த சதாசிவம் எழுந்து வந்து, எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சதாசிவம் கெட்ட மனிதரல்லர். எனினும், பேருந்து எந்தக் கடை வாசலில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர் ஓட்டுநர். பயணிகள் தேநீர் சரியில்லை என்று முணுமுணுத்தால், மறுநாளே பேருந்து நூறு அடி தள்ளி அடுத்த கடை வாசலில் நிற்கும். மூவாரில் ஒரு தேநீர்க்காரர் இருப்பதாகவும், சிகிச்சை நாள் நெருங்கியதும் அழைத்தால் ஒரே வாரத்தில் வந்துவிடுவார் என்றும் சதாசிவம் சொன்னார். அவர் வந்தால் மேடை அவருடையது. தட்டுத் தூக்கவும் ஆகாத கையோடு கனகராஜுக்கு அக்கடையில் வேறு வேலை ஏது? அன்று மாலை வீட்டுக்குப் போன கனகராஜ், சிகிச்சையே வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டதாக வாசுகியிடம் அறிவித்தார். வாசுகி உடனே தன் தங்கையைத் தொலைபேசியில் அழைத்தாள்.

தங்கை தேன்மொழி பத்து பாகாட்டில் பானங்களைப் போத்தலில் அடைக்கும் தொழிற்சாலையொன்றில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள். முப்பத்தாறு வயது. இயந்திரங்களோடு பேசிப் பேசியோ என்னவோ, மனிதர்களிடம் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. அக்காள் கணவரிடம் சுத்தமாகத் தெரியாது. மறுநாளே வந்தவள், நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே அமர்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மாமா, சம்பளம் உங்க தோளுக்குக் கொடுக்குறாங்களா, தேத்தண்ணிக்குக் கொடுக்குறாங்களா?"

"தேத்தண்ணிக்குத்தான்."

"அப்ப தேத்தண்ணி வந்தாப் போதும்ல. தோள் எதுக்கு?"

இப்படித்தான் அந்த இயந்திரம் தொடங்கிற்று. கனகராஜுக்கு அதில் நம்பிக்கை இல்லை. மருத்துவமனைக் காத்திருப்பறையில் நாணயம் போட்டால் காகிதக் கோப்பை விழுந்து, அதன்மேல் மாவும் வெந்நீரும் விழும் பெட்டி ஒன்று உண்டு. அதிலிருந்து வந்ததைத் தேநீர் என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தேன்மொழியும் அதனை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெட்டிக்குக் கலக்கத்தான் தெரியும், இழுக்கத் தெரியாது என்றாள்.

அவளுடைய முதல் இயந்திரம் அணிச்சல் எனப்படும் கேக்குக்கு மாவு அடிக்கும் கருவியின் மோட்டாரைக் கொண்டது. அது சுழன்றடித்த நுரை கிளாசுக்கு மேலே ஒரு சாண் நின்று, கரண்டியால் வெட்டினாலும் கலையவில்லை. கனகராஜ் அதனை இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்த்தார்.

"இதக் குடிக்கிறதா, தேய்ச்சுக் குளிக்கிறதா?"

இரண்டாவது, மீன்தொட்டிக்குக் காற்றுச் செலுத்துவது போல் நுண்துளைகள் வழியே காற்றை ஊதியது. அதன் நுரை அழகாக எழுந்தது. ஆனால் சமையலறையிலிருந்து கூடத்திற்கு வருவதற்குள் செத்துப் போயிற்று. மூன்றாவதில்தான் தேன்மொழி குறுக்குவழிகளை விட்டாள். தேநீருக்கு நுரை வருவது விழுவதனால். ஆகவே அது விழட்டும் என்றாள். கீழ்ப்பாத்திரத்திலிருந்து சிறு பம்பு தேநீரை ஓர் ஆள் கைதூக்கும் உயரத்திற்கு ஏற்றும். மேலேயுள்ள மெல்லிய மூக்கு வழியாக அது மறுபடி கீழ்ப்பாத்திரத்தில் விழும். மூன்று முறை விழுந்தபின் ஒரு பொத்தானை அழுத்தினால் கிளாசில் வந்து இறங்கும். ஒரு தடவைக்கு எட்டுக் கிளாஸ். முதல் நாள் அது வாசுகியின் சமையலறைச் சுவரெங்கும் தெறித்ததனால், விழும் வழி நெடுகிலும் ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றைப் பொருத்தினாள். கழுவுவதற்கு வசதியாக அதன் ஒரு பக்கத்தில் நீளக் கதவும் வைத்தாள். அந்த நுரையைக் கண்ட அன்று கனகராஜ் முதல் கிளாசை முழுவதும் குடித்தார். இரண்டாவது கிளாசும் கேட்டார்.

தேநீர்க்காரராக அவர் சேர்த்த நிபந்தனை ஒன்றே ஒன்று. இருபத்து மூன்று ஆண்டுகளில் பயணிகள் அவரைக் கடிந்துகொண்டதெல்லாம் தேநீர் ஆறிப்போயிற்று என்பதற்காக மட்டுமே. ஆகையால், வேறு எதில் குறைந்தாலும் சூட்டில் மட்டும் குறையவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தேன்மொழியும் அவர் சொல்லைத் தட்டவில்லை. குழாயைச் சுற்றித் தடித்த பஞ்சுறை தைத்துப் போர்த்தினாள். கீழ்ப்பாத்திரத்தின் அடியில் சூட்டுத் தட்டு ஒன்றையும் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் வாசுகியும் அண்டை வீட்டுக்காரர்களும் சுற்றி அமர்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே குடித்துப் பார்த்தார்கள். குறை சொல்ல ஒருவராலும் இயலவில்லை. இப்படி நான்கு மாதங்கள் ஓடின. கனகராஜின் தோள் அதுவரை எவ்வாறோ தாக்குப்பிடித்தது.

சதாசிவம் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு நெடுநேரம் யோசித்தார். முடிவில், சிகிச்சை வாரத்துத் திங்கட்கிழமைக் காலையில் இரண்டு பேருந்துகளுக்கு மட்டும் வைத்துப் பார்ப்போம் என்றார். பயணிகள் குடித்தால் இயந்திரம் இருக்கட்டும். கனகராஜே அதனை நடத்தட்டும். சிகிச்சைக்குப் போய்த் திரும்பும் வரைக்கும் தாமே பொத்தானை அழுத்திக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டார். குடிக்காவிட்டால் மூவாருக்கு அழைப்புப் போகும். அதற்காகத் தம்மேல் வருத்தப்படக் கூடாது. கனகராஜ் தலையசைத்தார். இயந்திரம் தோற்றால் வியாழக்கிழமையை விட்டுவிட்டு, இருக்கிற கை இருக்கும்வரை இழுப்பதாகத் தம் மனத்துக்குள் முடிவு செய்துகொண்டார்.

திங்கட்கிழமை காலை தேன்மொழி விடுப்பு எடுத்துக்கொண்டு, இயந்திரத்தைக் காரின் பின்னிருக்கையில் நிறுத்தி, இருக்கை வாரும் போட்டுக் கொண்டுவந்தாள். கடையில் கிளாஸ் கழுவும் பேச்சியம்மாள் அதனைக் கண்டதும், காரில் வந்து இறங்குகிற மாப்பிள்ளைக்குப் பொட்டாவது வைக்க வேண்டாமா என்று சொல்லி, சாமி படத்தினருகே இருந்த குங்குமத்தை எடுத்து அதன் நெற்றியாகப் பட்ட இடத்தில் வைத்தார். கனகராஜ் வழக்கம் போலவே தேயிலையைக் கொதிக்கவிட்டு, துணிச்சல்லடையில் வடித்து, கட்டிப்பாலைக் கலந்தார். அவர் செய்யாது விட்டது இழுப்பதை மட்டுமே.

ஒன்பதரை மணிக்கு முதற்பேருந்து வந்தது. அதன் ஓட்டுநர் ஜெயபாலன் பல ஆண்டுகளாக அக்கடைக்கு வருபவர். இறங்கியதும் முதல் கிளாசைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டு, வழக்கமான ஓரத்து மேசையில் வைத்துவிட்டு, புகைபிடிக்க வெளியே போனார். வரிசை நகர்ந்தது. கனகராஜ் இடக்கையால் பொத்தானை அழுத்த, கிளாஸ்கள் ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒரே நுரையோடு நிறைந்தன. முப்பத்தொரு பேர் தேநீர் கேட்டார்கள்; ஏழு நிமிடத்தில் முப்பத்தொரு பேர் கையிலும் தேநீர் இருந்தது. கையால் இழுத்த காலத்தில் கடைசி ஆளுக்குக் கிடைக்கும்போது ஓட்டுநர் ஏறியே இருப்பார். தேன்மொழி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, ஒரு பல் மட்டும் தெரியும்படி சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒலிப்பான் இருமுறை ஒலித்தது. மக்கள் எழுந்து ஓடினார்கள். பேருந்து திரும்பி, நெடுஞ்சாலைக்குச் செல்லும் வழியில் மறைந்தது.

கனகராஜ் மேசைகளைப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாக் கிளாஸ்களிலும் பாதிக்கு மேல் தேநீர் அப்படியே இருந்தது. சிலவற்றில் நுரையை மட்டும் உறிஞ்சிய அடையாளம். ஓரத்து மேசையில் ஜெயபாலனின் கிளாஸ் மட்டுமே காலியாக இருந்தது. அவரும் போகிற போக்கில், நல்லாத்தாண்ணே இருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பழகிய மனிதர், மனம் நோகக் கூடாதென்று சொல்லியிருப்பார் என்று கனகராஜ் எண்ணினார்.

சதாசிவம் ஒரு சொல்லும் சொல்லாமல் மேசைகளை ஒருமுறை சுற்றி வந்து, கல்லாவில் போய் அமர்ந்து, செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று கனகராஜுக்குத் தோன்றியது.

தேன்மொழி கீழ்ப்பாத்திரத்தில் மிஞ்சியதைக் கரண்டியில் எடுத்து ஊதி ஊதிச் சுவைத்தாள். இனிப்பு சரி, கடுப்பு சரி, பால் சரி, குழாயில் வாடை ஏதும் இல்லை. துணிச்சல்லடையை முகர்ந்தாள். பம்பைக் கழற்றி முகர்ந்தாள். குறை எங்கேயென்று அவளால் கண்டுபிடிக்க இயலவில்லை. அவள் முகத்தை அப்படி இருட்டாக அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. விட்டுவிடும்மா, நீ உன்னாலானதைச் செய்துவிட்டாய் என்று மெதுவாகச் சொன்னார். அவள் நிமிரவே இல்லை.

அவர் பின்கட்டுக்குப் போய்க் கைபேசியை எடுத்தார். வியாழக்கிழமை வர இயலாது என்று மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டால், அத்தோடு யோசிக்க வேண்டிய வேலை தீரும். எண்ணை அழுத்தினார். பணியாளர் அனைவரும் வேலையாக இருக்கிறார்கள், சற்றே காத்திருக்கவும் என்று பதிவுசெய்த குரல் மலாயில் சொன்னது. பிறகு இசை ஒலித்தது. இடத்தோளுக்கும் காதுக்கும் இடையே அதனைச் செருகிக்கொண்டு, கழுவு தொட்டியருகே நின்றார். பேச்சியம்மாள் மேசைகளிலிருந்து கிளாஸ்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதுங்களக் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கழுவணும் போல."

 காரணத்தையும் பேச்சியம்மாளே சொன்னார்.

"வெறுங்கையில நாலஞ்சு கிளாஸ் ஒண்ணா அள்ளுவேன்ல. இன்னிக்கு ஒண்ணயும் புடிக்க முடியல. துணி போட்டுத்தான் தூக்கிட்டு வரேன். பாருங்க, வெரல் செவந்துபோச்சு."

கைபேசி காதில் பாடிக்கொண்டே இருந்தது. கனகராஜ் தொட்டியின் விளிம்பிலிருந்த ஒரு கிளாசை இடக்கையால் எடுத்தார்; எடுத்த வேகத்திலேயே வைத்தார். பேருந்து போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. பாதித் தேநீர் இருந்த அந்தக் கிளாஸ் இன்னமும் சுட்டது. மறுபடியும் எடுத்தார். இம்முறை வைக்கவில்லை, உள்ளங்கை எரிய எரியப் பிடித்துக்கொண்டே நின்றார். இருபத்து மூன்று ஆண்டுகளாக அந்த இடக்கைதான் கீழ்க்குவளையை ஏந்தியிருக்கிறது. இத்தனைச் சூட்டில் அவர் ஒருநாளும் ஒருவரிடமும் ஒரு கிளாசையும் நீட்டியதில்லை என்பதை அந்தக் கை நிச்சயமாக அறிந்திருந்தது.

மருத்துவமனைத் தாதியின் குரல் காதில் வந்தது. கனகராஜ் மலாயில் மன்னிப்புக் கேட்டு, பிறகு அழைப்பதாகச் சொல்லித் துண்டித்தார். கிளாசைக் கையிலேந்தியபடி மேடைக்கு விரைந்து, அதனைத் தேன்மொழியின் கையில் கொடுத்தார். அவளும் உடனே அதனைக் கீழே வைத்துவிட்டு, விரல்களை உதறிக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவள் மூளை வேகமாக ஓடுவது கண்களில் தெரிந்தது.

"மாமா, கையால இழுக்குறப்ப எத்தனை தரம் இழுப்பீங்க?"

"எண்ணுனதில்ல."

"எண்ணாம எப்படி? எப்ப நிறுத்துவீங்க?"

கனகராஜ் யோசித்தார். இந்தக் கேள்வியை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை. காற்றில் இரண்டு கைகளையும் குவளை பிடித்தாற்போல் வைத்துக்கொண்டார். வலக்கை அன்று மார்புக்கு மேலே ஏறவில்லை. ஆயினும் விடை இடக்கையில் இருந்தது.

"இந்தக் கை சூடு பொறுத்தா நிறுத்துவேன்."

தேன்மொழி இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றினாள்.

"நாலு மாசமா இத ஏன் சொல்லல?"

"நீ கேக்கலயே."

"நான் கேக்கலயா? சூடு கொறையவே கூடாதுன்னு கட்டள போட்டது யாரு? நான் பஞ்சு மெத்த தச்சுப் போட்டேன், அடியில அடுப்பு வச்சேன். நீங்க என்னடான்னா இத்தனை வருசமா ஆறவச்சுத்தான் கொடுத்திருக்கீங்க."

அது உண்மை. தேநீரை ஆறவைத்துக் கொடுப்பவர் தாமே என்பது கனகராஜுக்குத் தெரியாமலே போயிற்று. அவர் தமக்கென்று ஊற்றிக்கொள்ளும் கிளாஸ், கூட்டம் கலைந்த பிறகு, எந்நேரமும் பச்சைத்தண்ணீராகித்தான் அவர் வாய்க்கு வரும். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை குடித்துப் பார்த்தவர்களுக்கோ பேருந்து ஏதும் காத்திருக்கவில்லை. ஜெயபாலன் முதல் ஆளாக வாங்கி வைத்து, புகைபிடித்துவிட்டுக் கடைசி ஆளாகக் குடித்தார். மற்ற முப்பது பேருக்கும் தேநீர் பிடித்துத்தான் இருந்தது. உதட்டில் வைக்க முடியவில்லை, ஒலிப்பான் அடித்துவிட்டது.

அடுத்த பேருந்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. தேன்மொழி சூட்டுத் தட்டின் இணைப்பைப் பிடுங்கினாள். தான் மூன்று இரவு உட்கார்ந்து தைத்த பஞ்சுறையைச் சமையற்கட்டுக் கத்தரிக்கோலால் தயங்காமல் வெட்டி எடுத்தாள். குழாயின் நீளக் கதவைக் கழற்றிக் கீழே வைத்தாள். விழும் தேநீருக்குக் காற்றுப் பட வேண்டும் என்றாள். கடைக்குள் காற்று எங்கே இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தவள், நேரே கல்லாவுக்குப் போய், சதாசிவத்தின் முகத்துக்கு எதிரே சுழன்றுகொண்டிருந்த மேசைவிசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சதாசிவம் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார், பிறகு அந்தச் செய்தித்தாளையே நான்காக மடித்து விசிறிக்கொள்ளத் தொடங்கினார்.

விசிறியை முழு வேகத்தில் வைத்தபோது தேநீர்க் கயிறு வளைந்து கனகராஜின் சட்டையில் கோலம் போட்டது. வேகத்தைக் குறைத்துச் சற்றே சாய்த்து வைத்ததும் கயிறு நேராயிற்று. அதன்பின் மூன்று தரம் விழுந்ததை நான்காக்கினாள். கனகராஜ் இடக்கையில் கிளாசைப் பிடித்து, இல்லை என்று தலையசைத்தார். ஐந்தாக்கினாள். இன்னும் கொஞ்சம் என்றார். ஆறாவது முறை விழுந்து வந்த கிளாசை அவர் வாங்கினார். பிடித்துக்கொண்டே நின்றார். கண்ணை மூடினார். பக்கத்திலே பேச்சியம்மாளும் தம் கையை நீட்டி ஒரு கிளாசைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம். இதுதான்."

தேன்மொழி அந்தக் கிளாசில் வெப்பமானியை விட்டு, காட்டிய எண்ணைக் குங்குமப் பொட்டுக்குக் கீழே கறுப்பு மையால் எழுதினாள். ஆறு தரம் விழ நேரம் கூடுதலாகும். வரிசை நின்ற பிறகு தொடங்கினால் கடைசி ஆளுக்குக் கிடைக்காது. பேருந்து, சாலைச் சந்திப்பிலுள்ள போக்குவரத்து விளக்கருகே தலை காட்டும்போதே முதல் எட்டுக் கிளாசுக்கு ஓடவிட வேண்டும் என்று கனகராஜ் சொன்னார். அந்த விளக்கிலிருந்து வாசலுக்கு எத்தனை நேரமாகும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பதினோரு மணிக்குச் சற்று முன்பு பேருந்து விளக்கருகே தெரிந்தது. கனகராஜ் பொத்தானை அழுத்தினார். தேன்மொழி விசிறியைச் சரிசெய்தாள்.

இம்முறை அவர் கிளாசுகளைப் பார்க்கவில்லை. மனிதர்களின் வாயையே பார்த்தார். முதலில் வாங்கியவர் தொப்பியணிந்த மலாய்ப் பெரியவர். நின்றபடியே ஒரு மடக்குக் குடித்தார், நிறுத்தினார். பெரியவர் மீசையிலிருந்த நுரையைத் துடைத்துவிட்டு, அடுத்த மடக்கில் பாதிக் கிளாசைக் காலி செய்தார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த சீனப் பெண்மணி, குழந்தைக்கும் ஒரு வாய் புகட்டினாள். கல்லூரிப் பிள்ளைகள் நால்வர் கைபேசியில் தலையைக் கவிழ்த்தபடியே குடித்தார்கள்; என்ன குடிக்கிறோம் என்பதையே அவர்கள் கவனிக்கவில்லை. அவர்கள் கவனிக்காததுதான் கனகராஜுக்கு எல்லாவற்றிலும் ஆறுதலாக இருந்தது. தேநீர் தேநீராக இருந்தால் யார் அதனை ஆராய்வார்கள்?

ஒலிப்பான் அடித்தது. எல்லாரும் எழுந்தார்கள். ஒருவர் மட்டும் பாதி வழியிலிருந்து திரும்பி ஓடிவந்து, இன்னொன்றைப் பையில் கட்டித் தரச் சொன்னார். கனகராஜ் பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடிக்க, தேன்மொழி பொத்தானை அழுத்த, பேச்சியம்மாள் ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தார். அவர் அதனைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறிய பின்னரே பேருந்து புறப்பட்டது.

சதாசிவம் எழுந்து வந்தார். மேசை மேசையாகப் போனார். குனிந்து ஒவ்வொரு கிளாசினுள்ளும் பார்த்தார். காலியாக இருந்தன, உள்விளிம்பில் நுரை வளையம் மட்டுமே ஒட்டியிருந்தது. இரண்டே இரண்டு கிளாசில் அடியில் ஒரு வாய் மீதமிருந்தது. அஃது எந்நாளும் இருப்பதுதான். ஒரு கிளாசை எடுத்துக் கவிழ்த்தும் பார்த்தார். பிறகு மேடைக்கு வந்து, வியர்த்துப்போன கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"கனகு, அந்த விசிறி எனக்கு வேணும்லா. இதுக்கு வேற ஒண்ணு வாங்கித் தரேன்."

 சதாசிவம் அதோடு நிற்கவில்லை.

"வியாழக்கெழம போய்ட்டு வா. மூவாருக்கு நான் போன் பண்ணல, பண்ணவும் மாட்டேன். ஒரு மாசமோ, ரெண்டு மாசமோ, டாக்டர் எப்பச் சொல்றாரோ அப்ப வந்தாப் போதும். அதுவரைக்கும் எனக்கு அந்தப் பொத்தான எப்படி அமுத்துறதுன்னு மட்டும் அந்தப் புள்ளயச் சொல்லிக்கொடுக்கச் சொல்லு."

தேன்மொழி அங்கேயே பாடத்தைத் தொடங்கிவிட்டாள். எந்தப் பொத்தான் ஓடவிடுவது, எது ஊற்றுவது, இரவில் எப்படிக் கழுவுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சதாசிவம் மூக்குக்கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு மிகுந்த மரியாதையோடு கேட்டார். முதல் தடவை தவறான பொத்தானை அழுத்தித் தம் காலிலேயே ஊற்றிக்கொண்டார். சுடவில்லை என்று அவரே சான்றும் கொடுத்தார். பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கனகராஜ் வாசலுக்கு வந்து, பேருந்து நிற்கும் இடத்து நிழலில் நின்று வாசுகியை அழைத்தார். அவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.  காலையிலிருந்து கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று அவருக்குத் தெரிந்தது. நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். பேச்சியம்மாளின் சிவந்த விரலையும், கழற்றிய கதவையும், சதாசிவத்தின் விசிறியையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"வியாழக்கெழமைக்கு ஒரு பையில துணிமணி எடுத்து வச்சிரு. முன்னாடி பட்டன் வச்ச சட்டையா பாத்து வை. தலைவழியா மாட்ட முடியாது."



"நேத்தே எடுத்து வச்சிட்டேன்," என்றாள் வாசுகி.

 கனகராஜ் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இடக்கையால் இழுத்துப் போட்டு, வலக்கையை மடியில் கிடத்திக்கொண்டு, அதில் மெல்ல அமர்ந்தார். அடுத்த பேருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.